யார் இந்த ஜான் போஸ்டல்? விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் பேசிக்கொள்ள வழி போட்டவரின் கதை

பெரம்பலூரில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். கவுன்ட்டரில் விண்டோஸ் கம்ப்யூட்டர், அதில்தான் பிரின்ட்டர் இணைப்பு. அரியலூரில் இருந்து வந்த காலேஜ் பையனின் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனாலும் ப்ராஜெக்ட் ஃபைல் இங்கிருந்து அங்கே போகவில்லை. நெட்வொர்க் ஐகானைத் திறந்தால் ஒன்றுமே காட்டவில்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் பென் டிரைவைத் தேட வேண்டியதுதான்.

இது ஏதோ இன்றைக்கு முளைத்த பிரச்னை இல்லை. இணையத்துக்கு விதை போட்ட நெட்வொர்க் தொடங்கிய 1969-ம் ஆண்டிலேயே இருந்த தலைவலி. அதற்குத் தீர்வு தேடியவர்களில் ஒருவர், தன் வாழ்நாளில் பாதிக்கும் மேல் அந்த ஒரே வேலையைச் செய்தார். பெயர் ஜான் போஸ்டல். இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் அவர் எழுதி வைத்த விதிகளில்தான் இன்றும் உங்கள் போன் ஓடுகிறது.

யார் இவர்? என்ன செய்தார்? கடைசி ஆண்டில் அமெரிக்க அரசோடு அவருக்கு என்ன மோதல்? பார்க்கலாம்.

பெரம்பலூர் பஸ், அரியலூர் ரயில்

முதலில் பிரச்னையைப் புரிந்துகொள்ள ஒரு உள்ளூர் உதாரணம். பெரம்பலூர் ஊரில் ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இருப்பதால் பஸ்ஸுக்குக் குறைவில்லை. பக்கத்து அரியலூரில் ரயில் நிற்கும். விழுப்புரம் - திருச்சி கார்டு லைன் அந்த வழியாகத்தான் போகிறது.

பெரம்பலூரில் இருந்து ஒரு மூட்டை வெங்காயம் ரயிலில் போக வேண்டும் என்றால், பஸ்ஸைத் தண்டவாளத்தில் ஓட்ட முடியாது. ரயிலையும் ரோட்டில் இறக்க முடியாது. மூட்டையை இறக்கி ஏற்ற வேண்டும். அதற்கு மூட்டையில் முகவரி, கையில் ரசீது, எத்தனை மணிக்கு வண்டி என்ற நேரம், இந்த மூன்றும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புரிய வேண்டும். அவ்வளவு இருந்தால் போதும், பஸ் பஸ்ஸாகவே இருக்கலாம், ரயில் ரயிலாகவே இருக்கலாம்.

கம்ப்யூட்டர் உலகத்தில் அந்த முகவரிக்கும் ரசீதுக்கும் பெயர் புரோட்டோகால். தமிழில் நெறிமுறை என்கிறார்கள். போஸ்டல் செய்தது அந்த நெறிமுறைகளை எழுதுவதும், அவற்றைக் காப்பாற்றுவதும்தான்.

நான்கு ஊர், நான்கு விதமான கம்ப்யூட்டர்

ஜான் போஸ்டல் 1943 ஆகஸ்ட் 6-ம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் அல்டடீனா என்ற ஊரில் பிறந்தார். வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பின்னாளில் இணையத்தின் முன்னோடிகள் என்று பெயரெடுத்த விண்ட் செர்ஃப், ஸ்டீவ் க்ராக்கர் இருவரும் அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். மூன்று பேருமே பிறகு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒன்றாக வேலை பார்த்தார்கள்.

போஸ்டல் அங்கே 1966-ல் இளங்கலை, 1968-ல் முதுகலை, 1974-ல் முனைவர் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே பேராசிரியர் லியோனார்ட் க்ளைன்ராக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அந்த ஆய்வகத்தில்தான் ஆர்பாநெட் என்ற நெட்வொர்க்கின் முதல் முனை 1969-ல் அமைந்தது. இன்றைய இணையத்தின் விதை அதுதான்.

அந்த ஆண்டு முடிவதற்குள் நான்கு இடங்கள் இணைந்தன. லாஸ் ஏஞ்சலஸில் சிக்மா 7 கம்ப்யூட்டர். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எஸ்.டி.எஸ். 940. சான்டா பார்பராவில் ஐ.பி.எம். 360. யூட்டாவில் பி.டி.பி. 10. நான்குமே வேறு வேறு வகை. ஒவ்வொன்றுக்கும் தனி ஆபரேட்டிங் சிஸ்டம்.

வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் தகவலை 24 பிட் துண்டுகளாக வைத்திருக்கும், இன்னொன்று 32 பிட், மற்றொன்று 36 பிட். ஏ, பி, சி எழுத்துகளுக்குக்கூட ஐ.பி.எம். ஒரு எண் வரிசை வைத்திருந்தது, வேறு சில கம்ப்யூட்டர்கள் வேறு வரிசை. அப்படியே ஃபைலை அனுப்பினால் எதிர்முனையில் குப்பையாகத்தான் தெரியும்.

1969 அக்டோபர் 29-ம் தேதி முதல் செய்தி போனது. லாஸ் ஏஞ்சலஸில் இருந்து ஸ்டான்ஃபோர்ட் கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்கான ஐந்தெழுத்துச் சொல்லை ஒரு மாணவர் அடித்தார். இரண்டு எழுத்து போனதுமே எதிர்முனை கம்ப்யூட்டர் முடங்கிவிட்டது. வேறு வேறு சிஸ்டம்கள் பேசிக்கொள்வதன் முதல் கோளாறு, முதல் நாளிலேயே வந்துவிட்டது. சரிசெய்து மறுபடி முயன்றபோது இணைப்பு கிடைத்தது.

எண்களைக் குறித்து வைத்த மனிதர்

இந்த மாணவர்கள் தங்களுக்குள் ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். ஒரு யோசனை வந்தால் அதை ஒரு குறிப்பாக எழுதி, எண் போட்டு, எல்லோருக்கும் அனுப்புவது. மற்றவர்கள் திருத்தம் சொல்வார்கள். க்ராக்கர் 1969 ஏப்ரலில் எழுதிய குறிப்புக்கு எண் 1. ஆர்.எஃப்.சி. என்று சொல்லப்படும் இந்தக் குறிப்புகள்தான் இணையத்தின் சட்டப் புத்தகம் மாதிரி. கருத்துச் சொல்லுங்கள் என்று வேண்டும் பெயர் அது. உத்தரவு போடும் தொனியே இல்லை.

குறிப்புகள் குவிந்தன. யாராவது ஒருவர் அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும், எண் கொடுக்க வேண்டும், தெளிவில்லாத வரியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலையை போஸ்டல் எடுத்துக்கொண்டார். 1998-ல் இறக்கும் வரை அவரே ஆசிரியர். அவர் எழுதியதும் தொகுத்ததுமாக மட்டும் 200 குறிப்புகளுக்கு மேல் இருக்கும்.

இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. ஒரே கம்ப்யூட்டரில் மெயில், ஃபைல், இன்னும் பல சேவைகள் ஓடும். எந்தச் சேவைக்கு எந்த எண் வாசல் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு அபார்ட்மென்ட்டில் வீட்டு எண் மாதிரி. 1972 மே மாதம் ஒரு குறிப்பில், இந்த எண்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அது நானாக இருக்கலாமா என்ற பொருளில் அவரே கேட்டார். யாரும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து யாருக்குப் புது எண் வேண்டுமானாலும் போஸ்டலிடம் கேட்டார்கள். ஃபைல் பரிமாற்றத்துக்கு 21, மெயிலுக்கு 25 என்று இன்றும் நிற்கும் எண்கள் அந்தப் பட்டியலில் உள்ளவைதான்.

அலகாபாத் இளைஞர் போட்ட அடித்தளம்

ஃபைல் பரிமாற்றத்துக்கான முதல் நெறிமுறையை எழுதியவர் ஒரு இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் பேட்ச்சில் படித்த அபய் பூஷண், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971 ஏப்ரலில் எழுதிய 114-வது குறிப்புதான் எஃப்.டி.பி.யின் தொடக்கம்.

அதில் இருந்த யோசனை எளிமையானது. உன் கம்ப்யூட்டரில் ஃபைலை நீ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள். வயரில் அனுப்பும்போது மட்டும் எல்லோருக்கும் பொதுவான வடிவத்துக்கு மாற்று. எதிர்முனை அதை வாங்கி, தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். யாரும் தன் சிஸ்டத்தைக் கைவிட வேண்டியதில்லை.

பல ஆண்டு அனுபவத்தில் அந்த நெறிமுறை பலமுறை திருத்தப்பட்டது. 1985 அக்டோபரில் போஸ்டலும் அவருடைய நீண்டகாலச் சக ஊழியர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய 959-வது குறிப்பு அதன் நிலையான வடிவம் ஆனது. எழுத்து ஃபைல் என்றால் ஒரு முறை, படம், புரோகிராம் போன்றவை என்றால் ஒரு பிட்கூட மாறாமல் அனுப்ப வேறு முறை என்று அதில் பிரித்துச் சொல்லப்பட்டது. தவறான முறையில் அனுப்பினால் படம் கெட்டுப்போகும். அந்தக் காலத்தில் ஃபைல் அனுப்பி அனுபவப்பட்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

நாம் அனுப்புவதில் கவனம், வாங்குவதில் பொறுமை

1977-ல் போஸ்டல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். கடைசி வரை அங்கேதான். நீண்ட தாடி, காலில் செருப்பு. மலை ஏறுவதில் ஆர்வம். பதவி ஆசை இல்லாத மனிதர் என்றே கூட வேலை பார்த்தவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

இணையத்தின் முதுகெலும்பான டி.சி.பி. நெறிமுறையின் ஆவணத்தை அவர்தான் தொகுத்தார். 1980-ல் அதில் ஒரு சின்ன அறிவுரையைச் சேர்த்தார். நீ அனுப்பும்போது விதியைக் கறாராகப் பின்பற்று. அடுத்தவர் அனுப்புவதில் சின்னச் சின்னப் பிசகு இருந்தால் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள் என்பதே அதன் சாரம். இன்று அது போஸ்டல் விதி என்றே அழைக்கப்படுகிறது.

அது ஏன் முக்கியம்? அன்றைக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக மென்பொருள் எழுதின. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு கோணல் இருக்கும். எல்லோரும் கறாராக இருந்திருந்தால் யாரும் யாரோடும் பேசியிருக்க முடியாது.

ஆனால் இந்த விதிக்கு எதிர்ப்பும் உண்டு. அடுத்தவர் தப்பை ஏற்றுக்கொண்டே போனால் அந்தத் தப்பே வழக்கமாகிவிடும், அதில் ஹேக்கர்கள் புகுந்துவிடுவார்கள் என்பது பாதுகாப்பு நிபுணர்களின் வாதம். 2023-ல் வந்த 9413-வது குறிப்பு இந்த ஆபத்தைப் பற்றியே விரிவாகப் பேசுகிறது. எஃப்.டி.பி.க்கும் அதே கதைதான். பாஸ்வேர்டை மறைக்காமல் அனுப்பும் பழைய முறை என்பதால், 2021-ல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுமே அதைக் கைவிட்டன. ஒருவரை ஒருவர் அறிந்த சில நூறு பேர் இருந்த காலத்தின் நம்பிக்கை, கோடிக்கணக்கானவர்கள் வந்த பிறகு போதவில்லை.

ஒரே நாளில் மாறிய நெட்வொர்க்

1981-ல் போஸ்டல் மற்றொரு பெரிய திட்டத்தை எழுதினார். ஆர்பாநெட்டின் பழைய நெறிமுறையை விட்டு எல்லோரும் டி.சி.பி./ஐ.பி.க்கு மாற வேண்டும், கடைசி நாள் 1983 ஜனவரி 1. பலர் கண்டுகொள்ளவில்லை. 1982-ல் நடுவில் ஒரு நாள் பழைய முறையை வேண்டுமென்றே நிறுத்திக் காட்டினார்கள். மாறாதவர்களுக்கு அன்று நெட்வொர்க் இல்லை. அப்புறம்தான் வேகம் பிடித்தது. சொன்ன தேதியில் மாற்றம் நடந்தது.

அதே 1983-ல் அவருடைய நிறுவனத்தில் பால் மோக்கபெட்ரிஸ், எண் முகவரிக்குப் பதில் பெயர் பயன்படுத்தும் டி.என்.எஸ். முறையை உருவாக்கினார். டாட் காம் போன்ற பெயர்கள் வந்தது அதற்குப் பிறகுதான். நாடுகளுக்கு இரண்டெழுத்துப் பெயர் கொடுக்கும்போது ஒரு சிக்கல். எது நாடு, எது நாடு இல்லை என்று யார் முடிவு செய்வது? போஸ்டல் அந்த வம்பிலேயே மாட்டவில்லை. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஏற்கெனவே வைத்திருந்த பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். இந்தியாவுக்கான டாட் இன் 1989-ல் அந்த வழியில்தான் வந்தது.

1998 ஜனவரி: ஒரு மெயில், ஒரு அதிர்ச்சி

1990-களில் இணையம் காசு கொழிக்கும் இடமாகிவிட்டது. பெயர்ப் பதிவு நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 1995 முதல் ஒரு பெயருக்கு இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் கட்டணம். இதில் போட்டி வேண்டும், புதிய பெயர்கள் வேண்டும் என்று போஸ்டல் பக்கம் இருந்தவர்கள் கேட்டார்கள். அமெரிக்க அரசோ, இந்த அமைப்பின் மேல் முடிவெடுக்கும் உரிமை தன்னிடம் இருப்பதாகக் கருதியது.

உலகில் எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் தலைமைப் பட்டியலை வைத்திருக்கும் ரூட் சர்வர்கள் அப்போது 13. ஒரு சர்வரில் உள்ள பட்டியலைத்தான் மற்ற 12-ம் நகல் எடுக்கும். 1998 ஜனவரி 28-ம் தேதி, அரசு அமைப்புகளிடம் இல்லாத எட்டு சர்வர்களை நடத்தியவர்களுக்கு போஸ்டல் ஒரு மெயில் அனுப்பினார். இனிமேல் பட்டியலை என் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் விஷயம். எட்டுப் பேரும் மறு பேச்சு பேசாமல் மாற்றிவிட்டார்கள்.

பயன்படுத்தும் மக்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு இணையதளம்கூட நிற்கவில்லை. ஆனால் வாஷிங்டன் ஆடிப்போனது. சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லாத ஒரு ஆராய்ச்சியாளர் ஒரு மெயிலில் இணையத்தின் தலைமையைப் பிரித்துவிட்டாரே என்று உயர் அதிகாரிகள் அதிர்ந்தார்கள். உடனே பழையபடி மாற்றச் சொன்னார்கள். போஸ்டல் மாற்றிவிட்டார். இது ஒரு சோதனை ஓட்டம் மட்டுமே என்று விளக்கம் சொன்னார். சோதனையா, எச்சரிக்கையா என்று இன்றுவரை விவாதம் ஓடுகிறது.

ஒன்று மட்டும் அன்றைக்கு வெளிச்சமானது. சுமார் 30 ஆண்டுகள் இணையத்தைத் தாங்கியது எந்தச் சட்டமும் இல்லை. ஒரு மனிதர் மீது மற்றவர்கள் வைத்திருந்த நம்பிக்கைதான். அது பெருமைக்குரிய விஷயம். அதே நேரம், ஒரே ஆளை நம்பி இருப்பதன் ஆபத்தும் அதில்தான் இருந்தது.

ஒரு வேளை அவருக்கு ஏதாவது ஆனால்?

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஐகேன் என்ற அமைப்பு 1998 செப்டம்பர் கடைசியில் பதிவு செய்யப்பட்டது. எண், பெயர் வேலைகளை இனி ஒரு அமைப்பு பார்க்கும் என்ற ஏற்பாடு. போஸ்டல் அதில் முக்கியப் பங்கு வகிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அவருக்கு ஏற்கெனவே இதயப் பிரச்னை இருந்தது. 1991-லேயே இதய வால்வு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 1998 அக்டோபர் 16-ம் தேதி, இதய அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து ஏற்பட்ட சிக்கலில் லாஸ் ஏஞ்சலஸில் அவர் காலமானார். வயது 55. ஐகேன் பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அதே பள்ளிக்கூடத்தில் படித்த அவருடைய நண்பர் விண்ட் செர்ஃப், அஞ்சலியை ஒரு ஆர்.எஃப்.சி. குறிப்பாகவே எழுதினார். எண் 2468. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் குறிப்புக்கு எண் போட்டவரைப் பற்றியே ஒரு குறிப்பு. 1999-ல் இணையச் சங்கம் அவர் பெயரில் ஒரு சேவை விருதைத் தொடங்கியது. முதல் விருது அவருக்கே.

சரி, அந்த ஜெராக்ஸ் கடை ஃபைல்?

போஸ்டல் இறந்தாலும் அவருடைய அணுகுமுறை கடைக்காரருக்கு உதவும். இரண்டு கம்ப்யூட்டரில் எது மோசம் என்று பார்க்காமல், எந்த உடன்பாடு எங்கே உடைந்தது என்று கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பாதை. இரண்டும் ஒரே வைஃபையா? கெஸ்ட் வைஃபையில் ஒன்று இருந்தால் அவை ஒன்றையொன்று பார்க்காது. விண்டோஸில் அந்த இணைப்பு பப்ளிக் என்று இருந்தால், உங்கள் சொந்த நெட்வொர்க்காக இருக்கும் பட்சத்தில் பிரைவேட் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஃபயர்வால் வாசலை மூடியே வைத்திருக்கும். ஃபைல் பகிர்வுக்கான வாசல் எண் 445.

அடுத்து முகவரி. நெட்வொர்க் பட்டியலில் பெயர் தெரியவில்லை என்றால் இணைப்பே இல்லை என்று அர்த்தம் இல்லை. பெயரைக் கண்டுபிடிக்கும் முறை இரண்டு சிஸ்டத்திலும் வேறாக இருக்கலாம். எதிர்க் கம்ப்யூட்டரின் ஐ.பி. எண்ணை நேரடியாக அடித்துப் பாருங்கள். பல நேரம் திறந்துவிடும்.

மூன்றாவது மொழி. விண்டோஸின் ஃபைல் பகிர்வு மொழிக்குப் பெயர் எஸ்.எம்.பி. லினக்ஸில் அந்த மொழியைப் பேசுவது சாம்பா. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992 வாக்கில் தொடங்கிய மென்பொருள் அது. எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு பாதுகாப்பற்றது என்பதால் புதிய விண்டோஸில் அது தானாக இருப்பதில்லை. பழைய பதிப்பைத் திரும்ப ஆன் செய்வதை விட, லினக்ஸ் பக்கம் சாம்பாவைப் புதுப்பிப்பதே நல்லது.

நான்காவது அடையாளம். விண்டோஸில் உள்ளே நுழைய நான்கு இலக்க பின் போடுகிறீர்களா? ஃபைல் பகிர்வுக்கு அது செல்லாது. அக்கவுன்ட்டின் முழு பாஸ்வேர்டு வேண்டும். லினக்ஸ் பக்கம் சாம்பாவுக்குத் தனி பாஸ்வேர்டு வைக்க வேண்டும். பலர் இங்கேதான் சிக்குகிறார்கள்.

கடைசியில் ஃபைல். பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி இருந்தால் லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. ஃபைல் போய்ச் சேர்ந்தும் தமிழ் எழுத்து மட்டும் குப்பையாகத் தெரிந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கலாம். யூனிகோடுக்கு மாற்றினால் எல்லா கம்ப்யூட்டரிலும் படிக்கலாம். 1969-ல் நான்கு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே ஏ, பி, சி குப்பையாகத் தெரிந்த அதே கோளாறுதான் இது.

இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும். விண்டோஸை அழிக்கவும் வேண்டாம், லினக்ஸை மாற்றவும் வேண்டாம். பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூரில் ரயில் பிடிப்பது மாதிரி, மாறும் இடம் சரியாக இருந்தால் ஃபைல் போய்ச் சேரும்.